பிக்கப் வாங்கும் நண்பர்களுக்கு

அமெரிக்காவில் ஃபோர்டு, செவர்லே பிக்கப்களின் சரக்குத் தொட்டிக்கு ஆலையிலேயே ஸ்ப்ரே லைனர், அதாவது தெளித்துப் பூசும் பாதுகாப்புப் பூச்சு, அடித்து வாங்கலாம். காசு வண்டிக் கடனோடு சேர்ந்துவிடும். வண்டி வாரண்டியும் உண்டு. மளிகை, மடக்கு நாற்காலி ஏற்ற அதுவே தாராளம்.

சரளைக்கல், இரும்புச் சாமான் என்று தினமும் ஏற்றுபவருக்கு லைன்-எக்ஸ், ரைனோ லைனிங்ஸ் மாதிரி வெளிக்கடையைத்தான் சொல்வேன். இன்னும் கனமாக அடிக்கச் சொல்லலாம், தொட்டியின் மேல்விளிம்பையும் சேர்த்து மூடலாம். ஆனால் எல்லாமே அடிப்பவர் கையில்தான் இருக்கிறது. பெயிண்டின் பளபளப்பு போகத் தேய்க்காமல், எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்காமல் அடித்தால், ஓரத்தில் நகம் நுழையும் அளவுக்கு உரிந்துவரும். எஃகுத் தொட்டி என்றால் அந்த இடுக்கில் தண்ணீர் தங்கி, வெளியே தெரியாமலே துரு ஏறும்.

முன்பணம் கட்டும் முன், அந்தக் கடை சில வருஷம் முன்பு அடித்த வண்டி ஒன்றின் டெயில்கேட் மூலைகளைத் தடவிப் பாருங்கள்.