அப்பாவின் ஃபியட்டுக்கு என்ன விலை?

பழைய பித்தளை அண்டாவை எடைக்குப் போடுவதா, பாத்திரமாகவே விற்பதா என்று தயங்காத இல்லத்தரசி உண்டா? எனக்கு அந்தத் தயக்கம் ஒரு கார் விஷயத்தில் வந்தது.

அப்பா 1984-ல் வாங்கிய பிரீமியர் பத்மினி. எங்கள் வீட்டில் அதற்கு 'ஃபியட்' என்றுதான் பெயர். பாளையங்கோட்டையில் நாங்கள் பள்ளிக்கூடம் போனது, அக்கா கல்யாணமாகிப் புறப்பட்டது எல்லாம் அதில்தான். அப்பா காலமான பிறகு கொட்டகையில் கிடந்தது. அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் என்றானதும், "வித்துரலாம்டி" என்று அம்மாவே சொல்லிவிட்டாள்.

காயலான் கடைக்காரர் 25,000 ரூபாய் என்றார். தம்பியோ ஒரு விளம்பரத்தைக் காட்டி, "அக்கா, மூணு லட்சம் கேக்கறான் பாரு! பம்பாய் டாக்ஸியெல்லாம் 2023-ல நின்னு போச்சு. இனிமே இதுக்குத்தான் மவுசு" என்று குதித்தான்.

"கேக்கறான், சரி. யாராவது குடுத்தாங்களா?" என்றேன். அந்த விளம்பரம் ஐந்து மாதமாக அப்படியே இருந்தது! கேட்ட விலை வேறு, கைமாறிய விலை வேறு அல்லவா?

அப்பாவின் பழைய மெக்கானிக் அண்ணாச்சியை வரவழைத்தேன். வந்தவர் என்ஜினைத் தொடவே இல்லை. "தாயி, ஃபிரிட்ஜுல ஒட்டுற காந்தம் இருந்தா எடுத்தா" என்றார். பெயிண்ட் கீறாமல் துணியில் சுற்றி, கதவு, மட்கார்டு எல்லாம் வைத்துப் பார்த்தார். மூன்று இடத்தில் பிடிக்காமல் நழுவியது. உள்ளே பட்டி பூசி மறைத்திருக்கிறதாம். கால் மிதிக்கும் விரிப்பைத் தூக்கினால், அடித்தகட்டில் துரு.

"இந்த 1,089 சி.சி. என்ஜினை எப்படியும் எழுப்பிரலாம். தகடு போச்சுன்னாதான் காசு தண்ணியா ஓடும்" என்றார். ஆனால் கிரில், பம்பர் எல்லாம் கம்பெனி சாமான். ஒரே கை வண்டி. அதற்குத் தனி மதிப்பு உண்டாம்.

2016-ல் பெயிண்ட் அடித்த 60,000 ரூபாயையும் விலையில் சேர்க்கச் சொன்னான் தம்பி. நகையை விற்கப் போனால் செய்கூலி, சேதாரம் திருப்பித் தருகிறார்களா, என்ன?

ஆர்.சி. புத்தகம் இன்னொரு தலைவலி. 15 வருஷத்துக்குப் பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2024-ல் அப்பா படுக்கையில் இருந்ததால் விட்டுப்போயிருந்தது. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் எல்லாம் கொடுத்து, அம்மா பெயருக்கு மாற்றிப் புதுப்பிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஆனால் பேப்பர் சரியில்லாத வண்டிக்குக் காயலான் கடை விலைதான் கிடைக்கும், தோழிகளே!

பிறகு பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். இதே மாதிரி நல்ல வண்டி ஒன்று அண்ணாச்சி கைவழியாக விற்றது 1,60,000. இதற்கு டிங்கரிங், பெயிண்ட் 52,000. டயர், பேட்டரி, பிரேக் 27,000. கழித்தால் 81,000. பேரத்துக்கு இடம் வைத்து 90,000 என்று சொன்னோம். தம்பி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு பையன் வந்தான். 70,000 என்று ஆரம்பித்தான். துருவை நானே காட்டினேன், நோட்டையும் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "82,000, அம்மா" என்றான்.

கையெழுத்துப் போட்டுவிட்டு, அம்மா மெதுவாகத் திண்ணைக்கு வந்தாள். "தம்பி, அந்தப் பின்சீட்டு உறை நான் தைச்சது. அதை மட்டும் கழட்டிக் குடுத்துருப்பா" என்றாள்.