அக்காவின் ராத்திரி விளக்கு



அக்காவுக்குக் கண்ணில் புரை. கழிவறைக்குப் போகும் வழியில் நான் ஒட்டிய எல்இடி பட்டை, "ஊசி ஊசியாக் குத்துதுடா தம்பி" என்று அணைத்துவிட்டு இருட்டிலேயே நடந்திருக்கிறாள். போன வாரம் தடுக்கி விழுந்தாள். நல்லவேளை, முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று.

பிளாஸ்டிக் குழாய் வாங்கிப் பட்டையை உள்ளே நுழைத்தேன். புள்ளிகள் அப்படியே தெரிந்தன. 400 நம்பர் வாட்டர் பேப்பரை நனைத்து நீளவாக்கில் தேய்த்தேன், அப்போதும் புள்ளிதான். கீறலுக்குக் குறுக்காகத்தானே ஒளி பரவும்! (எத்தனை வருஷம் ஒளியியல் நடத்தியவன்!) மறுபடி குழாயைச் சுற்றிச் சுற்றித் தேய்த்து, பட்டையைப் பின்பக்கச் சுவரில் ஒட்டினேன். புள்ளிகள் கரைந்து பால் மாதிரி ஒரே வெளிச்சம்.

நேற்று ராத்திரி அக்கா அதை அணைக்கவில்லை.

குழாய் இரண்டு அடி மிச்சமிருக்கிறது. வேண்டியவர்கள் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.