பெயர் பொறித்த பாறை

நாமக்கல் நகரின் நடுவே ஒற்றைப் பாறையாய் எழுந்து நிற்கிறது நாமகிரி. அதன் மேற்கில் நரசிம்மருக்கும் கிழக்கில் அரங்கநாதருக்கும் குடைவரைகள் உள்ளன. எட்டாம் நூற்றாண்டில் அதியர் மரபினன் குணசீலன் குடைவித்தவை என்பர். ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த அஞ்சியின் குடிப்பெயர், ‘அதியேந்திர விஷ்ணுகிருகம்’ எனக் கிரந்த எழுத்தில் இன்றும் அங்கே நிலைத்திருக்கிறது.

சென்ற மாதம் மாணவர்களுடன் அங்குச் சென்றேன். பதினெட்டு அடி உயர ஆஞ்சநேயர் மேற்கூரையின்றி, வெயிலில், நரசிம்மரை நோக்கிக் கைகூப்பி நின்றார். கணிதமேதை இராமானுஜன் போற்றி வணங்கிய நாமகிரித் தாயார் சன்னதியில், தேர்வு நெருங்கியதாலோ என்னவோ, மாணவர்கள் நெடுநேரம் நின்றனர்!

பின்னர் மலைமேல் உள்ள கோட்டைக்கு ஏறினோம். மாணவன் ஒருவன் மதிலில் ஆணியால் தன் பெயரைக் கீறத் தொடங்கினான். கடிந்துகொள்ள வாயெடுத்த எனக்கு நா எழவில்லை. அவன் கையைப் பற்றி, மதிலின் மறுகோடிக்கு அழைத்துச் சென்றேன். நாற்பது ஆண்டுகளுக்கு முன் கீறப்பட்ட பெயரொன்று மங்கலாகத் தெரிந்தது.

“ஐயா, இது தங்கள் பெயரல்லவா?”

“ஆம்” என்றேன்.

அவன் ஒன்றும் பேசாமல் ஆணியை என் கையில் கொடுத்துவிட்டுப் படியிறங்கினான்.