பங்குனி வெடிப்பு

சிவகாசி அச்சகம் ஒன்றிலிருந்து காலையில் போன். தினசரிக் காலண்டர் அட்டைக்குக் கம்பங்கதிர் வேண்டும். நிற்கிற வாக்கில், மேலே வானம் காலியாக, சாயங்காலத்துக்குள். அப்படியொரு படம் என்னிடம் இருந்தது. கார்த்திகையில் ஒரு விடியற்காலை, குருமலைப் பக்கம், பனியில் செருப்பு நனைய நின்று எடுத்தது. எந்தத் தட்டையில் குருவி உட்கார்ந்திருந்தது என்பதுகூட நினைவில் இருந்தது. எந்த ஹார்ட் டிஸ்க் என்பதுதான் இல்லை. ‘கழுகுமலை’, ‘கழுகுமலை பைனல்’, ‘புதுசு’, ‘புதுசு 2’ என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதற்குள் இருட்டிவிட்டது. அந்த வருஷக் காலண்டரில் யாருடைய கம்போ ஆடியது.

படத்தைச் செய்து வைத்துக்கொண்டு கேட்டு வருகிறவருக்குக் கொடுப்பது இந்த ஊருக்குப் புதிதில்லை. நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதிக்கொண்டே வந்து கோவில்பட்டியில் தங்கிவிட்டவர் சி. கொண்டையராஜு (1898–1976). அவரும் சீடர்களும் வரைந்த முருகனும் லட்சுமியும் சிவகாசியில் அச்சாகி, அடியில் ஜவுளிக்கடைப் பெயரோ அரிசி மில் பெயரோ ஏறி, தமிழ்நாட்டுச் சுவர்களில் தொங்கினார்கள். ஒரே படம், கீழே பெயர் மட்டும் மாறும். இதைத்தான் இன்று ஸ்டாக் என்கிறோம். அவருக்கு ஒரு சௌகரியம்: முருகனைத் தேடிப்பிடிக்க யாருக்கும் குறிச்சொல் வேண்டியதில்லை.

கம்பு கைவிட்டுப் போனபிறகு ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து அடுக்கினேன். ஒரே கதிரை நாற்பது தடவை எடுத்திருந்தேன்; சுளகில் போட்டுப் புடைத்ததில் மூன்று நின்றது. கோப்புப் பெயரில் 2019-11-23 என்று வருஷத்தை முன்னால் வைத்தேன். நம் வழக்கப்படி தேதியை முன்னால் போட்டால், எல்லா மாதத்து ஒன்றாம் தேதிகளும் ஓரிடத்தில் கூடிவிடும். மூன்று பிரதிகள், அதில் ஒன்று வேறு ஊரில் என்பது விதி. என்னுடையது எட்டயபுரத்தில் அக்கா வீட்டு பீரோவில், பட்டுச்சேலைக்கு அடியில் இருக்கிறது.

உண்மையான வேலை சொல் போடுவதில்தான். படம் விற்கும் ஷட்டர்ஸ்டாக் தளம் ஒரு படத்துக்கு ஏழிலிருந்து ஐம்பது சொல் வரை கேட்கும். சொல்லைப் படத்துக்குள்ளேயே எழுதிவைக்க ஐபிடிசி என்றொரு முறை உண்டு. படம் எங்கே போனாலும் சொல் கூடவே போகும். படங்களை அடுக்கும் லைட்ரூம் மென்பொருளில் அதைத் தமிழிலும் எழுதலாம் என்பது வெகுநாள் எனக்குத் தெரியாது. தெரிந்தபிறகு மேஜைமேல் கி. ராஜநாராயணனின் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி ஏறிக்கொண்டது. இடைசெவல் ஊர்க்காரரான அவர் வேறு எதற்கோ தொகுத்தது, எனக்குக் குறிச்சொல் பட்டியலாயிற்று. ஆட்டுக்கிடைப் படத்துக்குக் ‘கிடை’ என்று ஒரு சொல் போதும். விற்பனைக்கு அனுப்பும்போது ஆடு, வயல், எரு, இரவு என்று உடைத்து உடைத்து ஆங்கிலத்தில் போட வேண்டும். ‘காடு’ இன்னும் மோசம். எங்களுக்குக் காடு என்றால் உளுந்தும் பருத்தியும் விதைக்கிற புஞ்சை. அகராதி பார்த்து மொழிபெயர்த்தால் அதில் புலி வந்துவிடும்.

முகம் தெரிகிற படம் விளம்பரத்துக்குப் போக வேண்டுமென்றால் அவர் சம்மதித்துக் கையெழுத்திட்ட தாள் வேண்டும். பருத்தி எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் நீட்டினேன்.

“படத்த எத்தன வேணாலும் புடிச்சுக்க தம்பி. கையெழுத்து மட்டும் கேக்காத. பேங்குல ஒரு தடவ போட்டேன், இன்னும் முடியல.”

அவர் முகத்துக்குச் சிவப்பு அடையாளம் வைத்திருக்கிறேன். செய்திக்கும் கட்டுரைக்கும் தரலாம், விளம்பரத்துக்கு ஆகாது.

என்னிடம் அதிகம் விற்றது அவர் காட்டில் ஒரு பங்குனியில் எடுத்த படம். ஆளில்லை, பயிரில்லை, வெடித்த மண் மட்டும். ‘டிரவுட்’ என்ற சொல்லால் விற்றது. போனில் அதை அவருக்குக் காட்டினேன், வறட்சி என்று வாங்குகிறார்கள் என்றும் சொன்னேன்.

“வறட்சியா? தையிலதான இதுல உளுந்து எடுத்தேன்!”

சரியாகத்தான் சொன்னார். கரிசலில் களி அதிகம். ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கி வாய் பிளக்கும். நல்ல மழை பெய்த வருஷத்துக் கோடையிலும் கை நுழைகிற அளவுக்குப் பிளக்கும். மேல்மண் உதிர்ந்து பிளவுக்குள் விழும். அடுத்த மழை அதன் வழியே ஆழத்துக்கு இறங்கும். உழவன் அதைப் பார்த்து ஒப்பாரி வைப்பதில்லை. நான்தான் வைத்து, காசும் வாங்கியிருக்கிறேன்.

என் கணினியில் இப்போது அந்தப் படம் ‘பங்குனி, வெடிப்பு, உளுந்துக்காடு’. விற்பனைப் பிரதியிலிருந்தும் ‘டிரவுட்’ என்பதை எடுத்துவிட்டேன். ஐந்து மாதமாகிறது. இன்னும் யாரும் வாங்கவில்லை.