சாவிக்கொத்து

சுங்கை பினாங் வட்டாரத்தில் இரவு கடைகள் அடைக்கப்படும் வேளையைக் கவனித்தவர்கள் ஒரு காட்சியை அறிவார்கள். கடைக்காரர் இரும்புக் கதவை இழுத்துவிட்டுப் பூட்டுவார். பூட்டியதை ஒருமுறை இழுத்துப் பார்ப்பார். பத்தடி நடந்த பின் ஐயம் தோன்றித் திரும்பி வந்து மீண்டும் இழுத்துப் பார்ப்பதும் உண்டு. அவரைக் கண்டு யாரும் நகைப்பதில்லை. அரும்பாடுபட்டுச் சேர்த்த பொருள் உள்ளே இருக்கிறது. ஆனால், "உங்கள் கணினியின் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது?" என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். "அது அந்தத் தம்பிக்குத்தான் தெரியும், சார்" என்பார். எந்தத் தம்பி? கணினியை விற்ற கடையிலிருந்து நான்காண்டுகளுக்கு முன் வந்து, எல்லாவற்றையும் பொருத்திவிட்டுத் தேநீர் அருந்திச் சென்ற தம்பி. அவர் பெயர்கூட இப்போது நினைவில் இல்லை.

பணி ஓய்வு பெற்ற பின் இப்பகுதியில் நான்கு சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுத்து வருகிறேன். ஒரு மளிகைக் கடை, ஒரு தையற்கடை, மசாலைத் தூள் அரைக்கும் ஆலை ஒன்று, ஓர் அச்சகம். நான் கணினித் துறையில் பட்டம் பெற்றவன் அல்லன். ஆயினும் கணக்குப் புத்தகத்தின் அருகிலேயே அமர்ந்திருப்பவனுக்கு, அந்தக் கணக்கு எந்தெந்த வழியில் தொலைந்து போகக்கூடும் என்பது கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும்.

பினாங்குக்காரர்களாகிய நாம் கணினிக்கு அந்நியர் அல்லர். பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக வட்டாரம் 1972இல் தொடங்கியது. இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் பொருத்து ஆலையை அவ்வாண்டிலேயே அங்கு அமைத்தது. உலகக் கணினிகளின் மூளையை நம் வீட்டுப் பெண்கள் உருப்பெருக்கிக் கண்ணாடி வழியே பார்த்துப் பார்த்து இணைத்தார்கள். விடியுமுன் தொழிற்சாலைப் பேருந்துக்காகச் சாலையோரம் நின்ற அவர்களில் பலர் இன்று பாட்டிமார். அந்தச் சில்லு நம் கடை மேசைக்கே வந்து சேர்ந்தபோது மட்டும் நாம் ஏனோ ஒதுங்கி நிற்கிறோம்.

நம் முன்னோர் தம் தொழிற்கருவியை இப்படிப் பிறரிடம் ஒப்படைத்துவிட்டு நின்றவர்கள் அல்லர். பினாங்குத் தெருவில் இருந்த செட்டியார் கிட்டங்கிகளை நினைத்துப் பாருங்கள். ஒரே கூடத்தில் பல வட்டிக்கடைக்காரர்கள் வரிசையாக அமர்ந்து தொழில் நடத்தினார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு மேசை, ஒரு பெட்டகம், அவ்வளவே. அருகருகே அமர்ந்திருந்தும் ஒருவர் பேரேட்டை மற்றவர் புரட்டியதில்லை. இதைவிட எனக்கு வியப்பளிப்பது வேறொன்று. முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். முகவர் கடல் கடந்து இங்கே இருப்பார். முகவர் காலந்தோறும் ஐந்தொகை எழுதி ஊருக்கு அனுப்பி வைப்பார். இங்கே கிட்டங்கி தீப்பற்றி எரிந்தாலும், கொடுக்கல் வாங்கலின் சாரம் அங்கே ஒரு வீட்டுப் பெட்டியில் இருக்கும். 'படியெடுத்து வேறிடத்தில் வை' என்று கணினி வல்லுநர்கள் இன்று சொல்லும் அறிவுரையை நம்மவர் கப்பல் தபாலிலேயே நிறைவேற்றியிருக்கிறார்கள்.

அந்த 'வேறிடத்தில்' என்னும் சொல்லின் பொருளை எங்கள் வட்டாரம் 2017இல் கற்றுக்கொண்டது. அவ்வாண்டு மே 12ஆம் நாள் 'வானாகிரை' என்னும் நச்சுநிரல் உலகைச் சுற்றி வந்தது. 150க்கும் மேற்பட்ட நாடுகளில் கணினிக் கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்க வேண்டுமானால் 300 டாலருக்கு ஈடான பிட்காயின் கொடு என்று திரையில் எழுதிக் காட்டியது. பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் மார்ச் 14ஆம் நாளே வெளியிட்டிருந்தது என்பதுதான் வேதனை. ஏறத்தாழ இரண்டு மாதம் அது வாயிலில் காத்துக் கிடந்தது.

அச்சக உரிமையாளர் இச்செய்தியைப் படித்த அன்றே ஒரு வெளிவட்டு வாங்கினார். பதினைந்து ஆண்டுத் திருமண அழைப்பிதழ்கள், ஆலயத் திருவிழா அறிக்கைகள், நினைவஞ்சலி மடல்கள் அனைத்தையும் அதில் படியெடுத்தார். வட்டைக் கணினி மேசையின் இழுப்பறையில் வைத்தார். நவம்பர் 4ஆம் நாள் இரவு பெருமழை பிடித்துக்கொண்டது. ஆறு கரை கடந்தது. பினாங்கில் ஏழு உயிர்களைக் கொண்டுபோன வெள்ளம் அது. மூன்றாம் நாள் அச்சகத்தின் கதவைத் தள்ளித் திறந்தோம். கணினி சேற்றில் கிடந்தது. வட்டும் அதே சேற்றில் கிடந்தது. "இரண்டு வைத்திருந்தேனே, சார்" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். சில வாரங்கள் கழித்து மூதாட்டி ஒருவர் வந்தார். கணவரின் நினைவு நாளுக்கு மடல் அடிக்க வேண்டும், சென்ற ஆண்டு கொடுத்த படத்தையே போட்டுவிடுங்கள் என்றார். அவர் வீடும் வெள்ளத்தில் மூழ்கிய வீடு. வேறு படம் இல்லை. அச்சக உரிமையாளர் பதில் சொல்ல இயலாமல் உள்ளே போய்விட்டார்.

இப்போது அவரிடம் இரண்டு வட்டுகள் உள்ளன. ஒன்று அச்சகத்தில், மற்றொன்று ஆயர் ஈத்தாமில் மேட்டிலுள்ள தங்கை வீட்டில். ஞாயிறுதோறும் போய் மாற்றிக்கொண்டு வருகிறார். படியெடுத்து முடிந்ததும் வட்டைக் கழற்றிவிடுகிறார். ஏனெனில் பணயம் கேட்கும் நச்சுநிரல், கணினியோடு இணைந்திருக்கும் வட்டையும் சேர்த்தே பூட்டிவிடும். மாதம் ஒருமுறை ஏதேனும் ஒரு பழைய கோப்பை வட்டிலிருந்து திறந்து பார்க்கிறார். பூட்டை இழுத்துப் பார்ப்பது போலத்தான்.

மளிகைக் கடைக் கணினியில் இன்னும் விண்டோஸ் 10 ஓடுகிறது. அதற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடித்துக்கொண்டது. "ஓடுகிறதே, சார்" என்கிறார் முதலாளி. ஓடத்தான் ஓடும். புதியது வாங்க இலாபம் இடங்கொடுக்கும் வரை அதில் வங்கிக் கணக்கைத் திறக்க வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவர் மேசையில் ஒட்டியிருக்கும் கியூஆர் தாளையும் காலையில் தம் கைப்பேசியால் ஒருமுறை படித்து, தம் கடைப்பெயர்தான் வருகிறதா என்று பார்க்கச் சொன்னேன். அதன்மேல் வேறொரு தாளை ஒட்டிவிட்டுப் போவதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்?

கணினியைவிட இன்று கைப்பேசியே கல்லாப்பெட்டி. மசாலை ஆலை நடத்தும் அம்மையார், துப்புரவுப் பணியாளர் மலிவாகக் கிடைப்பார் என்னும் விளம்பரத்தை நம்பி, வாட்ஸ்அப்பில் வந்த செயலி ஒன்றைத் தம் கைப்பேசியில் நிறுவினார். அது கூகுள் அங்காடி வழியே வந்ததன்று. குறுஞ்செய்திகளைப் படிக்க இசைவு கேட்டது, கொடுத்தார். முன்பணமாகப் பத்து வெள்ளி செலுத்த, வங்கிப் பக்கத்தைப் போலவே ஒரு பக்கம் வந்தது. கடவுச்சொல்லை அதில் தட்டினார். அதன்பின் வங்கி அனுப்பிய ஒருமுறை எண், அவர் பார்க்குமுன்னே திருடர் கைக்குச் சென்றது. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கென வைத்திருந்த ஆறாயிரம் வெள்ளி, அவர் மிளகாய் வறுத்துக்கொண்டிருந்த நேரத்தில் மறைந்தது. ஊர் நகைக்குமே என்று இரண்டு நாள் அவர் வாய் திறக்கவில்லை.

அந்த இரண்டு நாளைத்தான் நான் பேரிழப்பு என்பேன். திருடிய பணம் பிறர் பெயரிலுள்ள கணக்குகளில் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிக்கொண்டே போகும். முதல் சில மணி நேரத்தில்தான் அதைத் தடுத்து நிறுத்த வழியுண்டு. குறுஞ்செய்தி எண்ணைக் கைவிட்டுப் பாதுகாப்பான வேறு முறைக்கு மாறுமாறு பேங்க் நெகாரா 2022 செப்டம்பரில் வங்கிகளைப் பணித்தது. அடுத்த மாதமே மோசடிகளுக்கென ஒரு தேசிய மையம் அமைந்தது; அதன் எண் 997. புதிய ஒருவருக்குப் பணம் அனுப்புமுன், அவர் கணக்கு எண்ணின்மேல் புகார் உண்டா என்று காவல் துறையின் 'செமாக் மியூல்' பக்கத்தில் தேடியும் பார்க்கலாம். ஏமாந்தவரைப் பார்த்து, "இதுகூடத் தெரியாதா?" என்று கேட்பவர்கள் திருடனுக்கு மேலும் இரண்டு நாள் அவகாசம் தேடித் தருகிறார்கள்.

கடவுச்சொல்லை எழுதவே கூடாது என்பார் சிலர். நான் அவர்கள் கட்சி அல்லன். எழுதக்கூடாது என்றதன் விளைவாகத்தான் கடைப்பெயரோடு 123 சேர்த்து, அதையே எல்லாவற்றுக்கும் வைத்திருக்கிறோம். எங்கோ அயல்நாட்டில் அமர்ந்து வலைவழி நுழைபவன், உங்கள் இரும்புப் பெட்டியிலுள்ள தாளைப் படிக்க முடியாது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே நீண்ட சொல் வையுங்கள், தாளில் எழுதுங்கள், அந்தத் தாளைத் திரையின் ஓரத்தில் மட்டும் ஒட்டிவிடாதீர்கள்.

எழுதி வைக்க வேறொரு காரணமும் உண்டு. தையற்கடைக்காரர் சென்ற ஆண்டு மாரடைப்பால் காலமானார். வாடிக்கையாளர் அளவுகள், வர வேண்டிய பாக்கி, தீபாவளிக்கு வாங்கிய முன்பணம் எல்லாம் அவர் கைப்பேசிக்குள் இருந்தன. திறக்கும் எண் அவர் மனைவிக்குத் தெரியாது. முன்பணம் கொடுத்ததாகச் சொல்லி வந்தவர்களுக்கெல்லாம் அந்த அம்மையார் ஒன்றும் கேளாமல் திருப்பிக் கொடுத்தார். பாக்கி வைத்திருந்தவர்களில் தாமாக வந்தவர் மூவர்.

இதைக் கேள்விப்பட்ட மளிகைக் கடை முதலாளி மறுவாரமே என்னை அழைத்தார். கடை அடைத்த பின் அவரும் மனைவியும் மேசையின் இருபுறமும் அமர்ந்தார்கள். பள்ளிக்கூடக் குறிப்பேட்டில் ஒரு தாளைக் கிழித்துக் கடவுச்சொற்களை வரிசையாக எழுதத் தொடங்கினார் அவர். மூன்றாவது வரியில் மனைவி தடுத்தார்.

"இதையெல்லாம் மாற்றினால் இந்தத் தாளையும் மாற்ற வேண்டுமே?"

"ஆமாம்மா" என்றேன்.

அவர் கணவரின் கையிலிருந்த பேனாவை வாங்கி வைத்துவிட்டு, உள்ளே போய்ப் பென்சில் ஒன்றை எடுத்து வந்தார்.