ரெண்டு நிறப் பத்து ரூபாய்

2022 ஓகஸ்ட். பெற்றோலுக்கு கியூஆர் கோட் வந்திருந்த நேரம். தம்பியின் கம்பஸ் வகுப்புகள் ஒன்லைனில் நடந்தன. திரை வெடித்த ஃபோன் ஒன்றை வைத்துக்கொண்டுதான் அவன் படித்தான். லப்டொப் வாங்க வீட்டில் காசில்லை. அப்போதுதான் எனக்கு அம்மம்மாவின் பிஸ்கட் ரின் ஞாபகம் வந்தது.

அம்மம்மா வவுனியாவில் ஒரு சின்னப் பெட்டிக்கடை வைத்திருந்தா. வரும் சில்லறையில் வித்தியாசமாக எது கண்ணில் பட்டாலும் எடுத்து ரின்னுக்குள் போட்டுவிடுவா. கிரிக்கெட் உலகக் கிண்ண வெற்றிக்காக 1999 இல் வந்த ஐந்து ரூபாயும் அதில் கிடந்தது. ஆனால் அவவுக்குப் பிடித்தது 1998 இல் சுதந்திரப் பொன்விழாவுக்காக வந்த பத்து ரூபாய்தான். ஒரே காசில் வெள்ளி நிறமும் பொன் நிறமும். அந்த நாளில் பத்து ரூபாய் என்றால் தாள்தான், குத்தியாகக் கண்டதே புதினம். பாஸ் இல்லாமல் வவுனியாவை விட்டு வெளிக்கிட முடியாத காலத்தில் வந்த சுதந்திரக் காசு என்று மாமா பகிடி விடுவார். அம்மம்மா அதைக் காதில் போடமாட்டா. “வடிவா இருக்கெல்லோ” என்பா, அவ்வளவுதான். அப்படிப் பதினான்கு சேர்த்து வைத்துவிட்டுத்தான் கண்ணை மூடினா.

யூரியூப்பில் தேடினேன். ‘இந்தக் காசு உங்களிட்ட இருக்கா? நீங்கள்தான் லட்சாதிபதி’ என்று வரிசையாக வீடியோக்கள். முக்கால்வாசி இந்தியக் காசுகளைப் பற்றியவை. வைஷ்ணவ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய்க்கு லட்சக்கணக்கில் விலை சொன்னார்கள். அதுக்கே அவ்வளவு என்றால் எங்கட ரெண்டு நிறக் காசுக்கு எவ்வளவு வரும் என்று மனக்கணக்குப் போட்டேன். முகநூலில் படம் போட்டேன். ஒருவர் இன்பொக்ஸுக்கு வந்தார். ஒன்று இருபத்தையாயிரம், பதினான்கையும் எடுக்கிறேன், ஆனால் பதிவுக் கட்டணமாக 3,500 ரூபாய் முதலில் போடவேண்டும் என்றார்.

போட்டேன். அம்மாவின் சீட்டுக்காசில் இருந்து எடுத்து, அவவிடம் சொல்லாமல். அடுத்த நாள் அந்தக் கணக்கையே காணவில்லை.

இதே ஏமாற்று வேலையைப் பற்றி இந்திய ரிசர்வ் வங்கி 2021 ஓகஸ்டிலேயே மக்களை எச்சரித்திருந்தது. பழைய காசு, பழைய தாள் வாங்குவதாகச் சொல்லித் தங்கள் பெயரில் கட்டணம் கேட்கிறார்கள், கொடுக்காதீர்கள் என்று. நான் அதைப் படித்தது காசு போன பிறகு.

ரெண்டு மாதம் கழித்து ஒரு நேர்முகத் தேர்வுக்குக் கொழும்பு போனபோது ரின்னையும் பையில் வைத்துக்கொண்டு போனேன். புறக்கோட்டையில் பழைய காசும் முத்திரையும் விற்கும் ஒரு ஐயா பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“பிள்ளை, இதை ஆர் மினுக்கினது?”

அம்மம்மாதான். வருசப் பிறப்புக்கு முதல் குத்துவிளக்கு மினுக்கும்போது இந்தக் காசுகளையும் பழப்புளி போட்டுத் தேய்ப்பா.

“மினுக்காட்டி ஒண்டு நூற்றைம்பதுக்கு எடுப்பன். இதுக்கு ஐம்பதுதான் தரலாம்.”

பதினான்குக்கும் எழுநூறு ரூபாய். வவுனியாவில் இருந்து வந்த பஸ் காசுக்கே காணாது. என் முகத்தைப் பார்த்திட்டு அவரே விளங்கப்படுத்தினார். ஒரு காசின் விலையை அதன் வயதோ வடிவோ தீர்மானிப்பதில்லை. எத்தனை அடித்தார்கள், அதில் எத்தனை கீறல் படாமல் மிஞ்சியிருக்கு, அதைத் தேடுகிறவர்கள் எத்தனை பேர், இந்த மூன்றும்தான் கணக்கு. அதே பொன்விழாவுக்கு ஆயிரம் ரூபாய் வெள்ளி நாணயமும் வெளியிட்டார்கள், அது வேறு கதை. ரெண்டு நிறப் பத்து ரூபாய் கடையிலும் பஸ்ஸிலும் மாறுவதற்கு வந்த காசு. “இதை எல்லாரும் எடுத்து வைச்சவை. எல்லாரிட்டையும் இருக்கிறதை ஆர் விலை குடுத்து வாங்குவினம்?” என்று கேட்டார். யாரும் கவனிக்காமல் செலவழித்த சாதாரணக் காசுதான் சில நேரம் புத்தம் புதிதாகக் கிடைப்பது கஷ்டமாம். தேய்த்த காசில் வருவது அச்சகத்துப் பளபளப்பு இல்லை, கண்ணாடி வைத்துப் பார்த்தால் மெல்லிய கீறல்கள் தெரியும், அதைத் திருப்பி எடுக்கவும் முடியாது. எனக்கும் பார்க்கத் தந்தார். வட்டம் வட்டமாகக் கோடுகள். அம்மம்மாவின் பெருவிரல் போன பாதை அது. விற்க மனம் வரவில்லை. ரின்னை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாத்தையும் சொன்னேன். அவ அரிசி புடைத்துக்கொண்டு இருந்தா. சுளகை நிற்பாட்டவே இல்லை. “சீட்டுக்காசு அண்டைக்கு இரவே எண்ணினனான். எப்ப வாய் திறப்பாய் எண்டுதான் பாத்துக்கொண்டிருந்தன்” என்றா. அந்த ரெண்டு மாதமும் அவ வெற்றிலை வாங்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. லப்டொப் பிறகு மச்சான் ஒருவர் பாவித்ததைத் தந்து ஒருமாதிரிச் சரிவந்தது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு ரின் இருக்கும். விற்பதென்றால் விற்கிறவர் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், உண்மையில் என்ன விலைக்குப் போனது என்று பாருங்கள். காசைக் கழுவாதீர்கள். வாங்க வருகிறவர் உங்களிடம் காசு கேட்டால் அதோடு கதையை நிப்பாட்டுங்கள்.

ஒரு காசை என் பேர்ஸில் வைத்திருந்தேன். போன மாதம் பஸ்ஸில் பத்து ரூபாய் குறைந்தது. வேறு வழியில்லாமல் அதை நீட்டினேன்.

“இது செல்லுமோ தங்கச்சி?”

“செல்லும் அண்ணை. பத்து ரூபாய்தானே.”

கொண்டக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மற்றச் சில்லறையோடு தோல்பைக்குள் போடவில்லை. சேர்ட் பொக்கெற்றுக்குள் தனியாகப் போட்டுக்கொண்டு போனார்.