வெளிக்காற்று

வல்லத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் பணியாற்றும் குருக்களுக்குக் கார் ஓர் ஆடம்பரப் பொருளன்று. கிளைக் கிராமங்கள் ஒன்றுக்கொன்று தொலைவில் கிடக்கின்றன. நள்ளிரவில் அவஸ்தைக்கு அழைப்பு வந்தால் பேருந்தை எதிர்பார்த்து நிற்க இயலாது. அதற்காகவே நாமும் பழைய கார் ஒன்றை வாங்கி ஓட்டி வருகிறோம். செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது 2025 ஜூலையில். ஊரெல்லாம் அதைப் பேசி மகிழ்ந்திருந்த அந்த வாரத்தில்தான் நமது வண்டியின் முகப்புப் பலகையில், எஞ்சின் வடிவில் அமைந்த சிறு மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கியது.

வண்டியோ ஓடிக்கொண்டுதான் இருந்தது. வழியிலிருந்த பட்டறைக்காரர் ஒருவர், "ஓடுகிற வரைக்கும் ஓடட்டும், சாமி" என்றார். அந்தச் சொல் நமக்கும் இதமாயிருந்தது. பெட்ரோல் சற்று அதிகம் குடிப்பதையும், புகைக்குழாயின் வாயில் கரி படிவதையும் கண்டோம், கண்டும் கடந்தோம். பரலோக அன்னையின் விழா முடிந்து நடக்க முடியாத மூதாட்டி ஒருவரை அவர் ஊரில் இறக்கிவிடச் சென்றபோது, அவர் அந்த விளக்கையே உற்று நோக்கி, "இது என்ன சாமி, நற்கருணைப் பேழை விளக்கு மாதிரி அணையாமலே எரியுது?" என்று கேட்டார். "ஒன்றுமில்லை, ஆயா" என்று சிரித்தோம். இரவுப் பயணங்களில் அந்த ஒளி கண்ணை உறுத்தியது. எனவே கறுப்பு ஒட்டுநாடாவில் சிறு துண்டொன்றைக் கத்தரித்து அதன்மேல் ஒட்டினோம். உறுத்தல் நின்றது.

ஐப்பசி மழையில், ஓர் இரவு இரண்டு மணியளவில், அதே மூதாட்டியின் வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. அர்ச்சிக்கப்பட்ட எண்ணெயையும் வழியுணவாக நற்கருணையையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டோம். பாதி வழியில் எஞ்சின் இருமுறை குலுங்கி நின்றது. திரும்பத் திரும்ப முயன்றும் பெட்ரோல் வாடைதான் வந்ததே தவிர, வண்டி உயிர்பெறவில்லை. மழையில் நின்றோம். நெடுநேரம் கழித்துப் பால் கேன்களோடு வந்த இளைஞர் ஒருவர் தம் இருசக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்த்தார். அந்த அம்மையார் இறந்து கால் மணி நேரம் ஆகியிருந்தது. அருட்சாதனங்கள் உயிரோடிருப்பவர்க்கே உரியவை; இறந்தோர்க்கான மன்றாட்டையே சொன்னோம். வீட்டார் ஒரு சொல்லும் குறை கூறவில்லை. நனைந்த நமது அங்கியைக் கண்டு துண்டு கொண்டுவந்து கொடுத்தார்கள்.

இறைவனின் இரக்கம் ஒரு காரின் எஞ்சினுக்குக் கட்டுப்பட்டதன்று என்பதை எத்தனையோ வீடுகளில் நாமே சொல்லித் தேற்றியிருக்கிறோம். அது உண்மைதான். ஆயினும் அதே உண்மையை அன்றிரவு நமக்கு நாமே சொல்லிக்கொண்டபோது அது ஆறுதலாக இல்லை, சாக்காக இருந்தது.

நவம்பர் மாதம், முப்பதாம் நாள் திருப்பலிக்குக் கருத்து எழுதிக்கொடுக்க அந்த அம்மையாரின் பேரன் பங்கு இல்லத்திற்கு வந்தார். வாகனப் பொறியியலில் பட்டயம் பெற்றுத் திண்டிவனத்தில் வேலை செய்பவர். முற்றத்தில் முடங்கிக் கிடந்த வண்டியின் புகைக்குழாயில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "ஃபாதர், அனுமதி கொடுத்தால் நான் பார்க்கிறேன்" என்றார். ஸ்டீயரிங்குக்குக் கீழே தீப்பெட்டி அளவிலான கருவி ஒன்றைச் செருகினார். அவருடைய கைபேசியில் 'பி0131' என்ற எண் தோன்றியது. ஆக்ஸிஜன் சென்சார் ஓயாமல் குறைந்த மின்னழுத்தமே காட்டுகிறது என்பது அதன் பொருளாம்.

இந்த உணர்கருவியைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். அந்தச் சரியான அளவை லாம்டா ஒன்று என்கிறார்கள். குருமடத்தில் கிரேக்கம் பயின்றவர்களுக்கு, யோவான் நற்செய்தியின் தொடக்கத்திலுள்ள 'லோகோஸ்' என்ற சொல்லின் முதலெழுத்து லாம்டா என்பது நினைவுக்கு வரலாம். அதற்கும் இதற்கும் தொடர்பேதும் இல்லை. அளவு தவறினால், புகையிலுள்ள நச்சுகளை மாற்றுவதற்காக வைத்திருக்கும் வினையூக்கிக் கலமும் தன் பணியைச் செய்ய இயலாது. ஆகவே எரிந்து வெளியேறும் புகையைச் சோதித்து எஞ்சினின் கணினிக்கு அறிவிக்க ஒரு காவலாளி தேவை. பாஷ் நிறுவனம் செய்த இக்கருவி 1976 இல் முதன்முதலாக வோல்வோ கார்களில் இடம் பெற்றது. ஈயம் கலந்த பெட்ரோல் இதனைக் கெடுத்துவிடும். நம் நாட்டில் 1995 இல் நான்கு பெருநகரங்களில் ஈயமில்லாப் பெட்ரோல் வந்து, 2000 ஆம் ஆண்டில் நாடெங்கும் பரவிய பிறகே நம் ஊர்ச் சாலைகளில் இது நிலைக்க வழி பிறந்தது.

அதன் உள்ளே இருப்பது சிர்கோனியா என்னும் பீங்கான் வகையாலான சிறு குப்பி. குப்பியின் வெளிப்புறத்தைப் புகை சூழ்ந்திருக்கும். உட்புறத்தில் வெளியுலகின் தூய காற்று நிற்கும். முந்நூறு டிகிரிக்கு மேல் சூடேறியதும், இரு பக்கத்து ஆக்ஸிஜனுக்கும் உள்ள வேறுபாட்டுக்கு ஏற்ப அது மின்னழுத்தத்தைப் பிறப்பிக்கும். புகையில் ஆக்ஸிஜன் அருகியிருந்தால் வேறுபாடு பெரிது. ஒரு வோல்ட்டை நெருங்கும். மிகுந்திருந்தால் 0.1 வோல்ட் அளவே எழும். இதைக் கேட்டபோது நமக்கு வியப்பாயிருந்தது: அக்கருவிக்குப் புகையைத் தனியாக அளக்கத் தெரியாது. வெளிக்காற்றோடு ஒப்பிட்டே அதனால் பேச முடியும்.

எஞ்சின் இளஞ்சூடாக இருந்தால்தான் மரை இளகும் என்று வண்டியைச் சற்று நேரம் திக்கித் திணற ஓடவிட்டு நிறுத்தினார். மின்கலத்தின் எதிர்முனையைக் கழற்றினார். புகைவழியின் மேற்பகுதியில் தீப்பொறிக்கட்டை போல் செருகியிருந்த கருவியின் மரையில் துரு இளக்கும் எண்ணெயைத் தெளித்தோம். ஒரு பக்கம் பிளவுள்ள 22 ஆம் எண் சாக்கெட்டை, வயர் அந்தப் பிளவின் வழியே வெளியே வருமாறு மாட்டினார். நம்மைக் கைவிளக்குப் பிடிக்கச் சொன்னார், பிடித்தோம். முதல் இழுப்பில் அசையவில்லை. இரண்டாம் இழுப்பில் 'கிறீச்' என்றொரு சத்தம். பிறகு எளிதாகச் சுழன்று வந்தது. முனை முழுவதும் கரி.

ஆனால் அவர் முனையைப் பார்க்கவில்லை, வயரைத் தடவிக்கொண்டிருந்தார். "இதில் யாரோ கை வைத்திருக்கிறார்கள், ஃபாதர்."

கை வைத்தது நாம்தான். ஜூன் மாதத்தில் எலி அந்த வயரைக் கடித்துப் போட்டிருந்தது. நமது கைத்திறனில் நமக்கிருந்த நம்பிக்கையால், அறுந்ததைச் சேர்த்துப் பற்றவைத்து, நீர் இறங்காதிருக்கச் சிலிக்கான் பசை பூசி, மேலே நாடாவும் சுற்றியிருந்தோம். மிகக் கவனமாகச் செய்த வேலை. இளைஞர் தயக்கத்தோடு விளக்கினார்: இத்தகைய கருவிகளில் குப்பிக்குள் வெளிக்காற்று செல்லும் வழியே அந்த வயர்தான், உறைக்குள் கம்பி இழைகளின் இடுக்கு வழியாக அது போகிறது. பற்றவைத்தால் வழி அடைபடும். சிலிக்கான் பசையின் ஆவியும் இக்கருவிக்கு ஆகாது. உள்ளே நல்ல காற்று இல்லாதபோது இரு பக்கத்துக்கும் வேறுபாடு குறைகிறது, மின்னழுத்தம் தாழ்கிறது. பெட்ரோல் போதவில்லை என்று கணினி எண்ணி மேலும் மேலும் ஊற்றுகிறது. மூச்சுமுட்ட ஊட்டிய நிலையிலும், குறைகிறது என்றே அது முறையிட்டுக்கொண்டிருந்திருக்கிறது. தீப்பொறிக்கட்டைகளில் கரி அடைத்தது அதனால்தான். அவற்றையும் கழற்றித் துடைத்து மாட்டினார்.

புனித நியூமன் 2025 நவம்பர் முதல் நாள் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவிக்கப்பட்டார். 1875 இல் நார்ஃபோக் கோமகனுக்கு எழுதிய மடலில், மனச்சான்று என்ற பெயரைச் சூடிக்கொண்டு உலவும் தன்விருப்பத்தை அவர் கடுமையாகப் பிரித்துக் காட்டுகிறார். குருமட நாள்களில் அதைத் தேர்வுக்காகப் படித்தோம். வெல்லக்கூடிய அறியாமை, வெல்ல முடியாத அறியாமை என்ற பாகுபாட்டையும் அப்போதே மனப்பாடம் செய்தோம். பங்கில் நமக்கு எதிர்ச்சொல் சொல்லுவோர் குறைவு. "சாமி சொன்னால் சரி" என்பார்கள். ஒவ்வொரு மாலையும் மனச்சான்றை ஆய்வு செய்யத்தான் செய்கிறோம். ஆனால் யாருடைய சொல்லோடு ஒப்பிட்டு? மூதாட்டி ஒருவர் வெளியிலிருந்து ஒரு கேள்வியைக் கொண்டுவந்தார். அதற்கு நாம் அளித்த பதில் முதலில் ஒரு சிரிப்பு. பிறகு ஒரு துண்டு நாடா.

புதிய கருவியின் விலை மூவாயிரத்தைச் சற்றுத் தாண்டியது. அதன் மரையில் பசை முன்னரே பூசப்பட்டிருந்தது. முனையில் விரல் படக்கூடாது, கீழே போடக்கூடாது என்று எச்சரித்து, முதலில் கையாலேயே மரையைத் திருகச் செய்தார். அந்தச் சில சுற்றுகளை நாமே திருகினோம். இறுதி முடுக்கத்தை அவர் பார்த்துக்கொண்டார். இம்முறை வயரை வெட்டவுமில்லை, ஒட்டவுமில்லை. இணைப்பான் 'டக்' என்று பொருந்தியது. வண்டியைக் கிளப்பிச் சூடேறவிட்டு, கைபேசியில் எண்களைக் காட்டினார்: 0.1, 0.7, 0.2, 0.8 என்று நிலைகொள்ளாமல் ஏறி இறங்கின. ஓரிடத்தில் நில்லாதிருப்பதுதான் அதன் நலத்துக்கு அடையாளம் என்றார். பிழை எண்ணை அழித்தார்.

விளக்கு அணைந்ததா என்று பார்க்க முகப்புப் பலகையை நோக்கிக் குனிந்தவர் சற்று நிதானித்தார். கறுப்பு நாடா அங்கேயே இருந்தது.

"தம்பி" என்றோம். "ஜூலையிலிருந்து அது எரிந்துகொண்டிருந்தது. உங்கள் ஆயா கேட்டார்கள். நாம்தான் மூடிவைத்தோம். அன்றிரவு அதனால்தான் வர முடியவில்லை."

அவர் உடனே பதில் சொல்லவில்லை. நகத்தால் நாடாவின் ஓரத்தைக் கிளப்பி உரித்தெடுத்தார். பிறகு, "கடைசி வரைக்கும் ஆயா வாசலையேதான் பார்த்துக்கிட்டு இருந்தாங்க, ஃபாதர்" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நமக்கு எளிதாயிருந்திருக்கும்.

கூலி வாங்க மறுத்துவிட்டார். முப்பதாம் நாள் திருப்பலிக்கு அவ்வூருக்கு அந்த வண்டியில்தான் சென்றோம். மழை விட்டிருந்தது. பலகையில் நாடா ஒட்டியிருந்த இடத்தில் பசையின் சுவடு இன்னும் இருக்கிறது. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தால் போய்விடும் என்கிறார்கள். இதுவரை துடைக்கவில்லை.